கடலைக் கேளுங்கள்: கூரை போட்ட தண்ணீர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. மெக்சிகோவில் யாரோ ஒருவர் தண்ணீர்க் குகைக்குள் மிதக்க, மேலேயிருந்து வெயில் கற்றை கற்றையாக இறங்குகிற வீடியோ ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது போல. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவர்கள் அதிகம். எனக்கு எதற்கு வம்பு?

பரமக்குடி வாசகர்: அக்கா, எனக்கு வயது 26. பெங்களூரில் வேலை. போன வருஷம் அந்தமானில் ஸ்கூபாவின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன். இதுவரை மொத்தம் ஆறு டைவ். இன்னும் பத்து மாதத்தில் கேவர்ன் பயிற்சி எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. ராமேஸ்வரம் பக்கம் கடலுக்கடியில் குகை உண்டா? லீவுக்கு வரும்போது பழகிக்கொள்வேன். ஒரு திட்டம் போட்டுத் தாருங்கள்.

இல்லை தம்பி. டார்ச் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். நான் பாம்பன் சின்னப்பாலத்துக்காரி. தென்கடல் (மன்னார் வளைகுடா), வடகடல் (பாக் விரிகுடா) இரண்டிலும் விழுந்து எழுந்தவள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடலடியில் இருப்பது மணல், சேறு, கடல்புல், முருகைக்கல் பார் (பவளப்பாறைத் திட்டு). பார் விளிம்பில் பொந்துகள் உண்டு. அதில் அஞ்சாளை, களவா மீன்கள் குடியிருக்கின்றன. ஆள் நுழைய இடமில்லை, நுழையவும் கூடாது.

நீங்கள் பார்த்த வீடியோ மெக்சிகோவின் யுகடான் பக்கத்தது. அங்கே தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் அதை லட்சக்கணக்கான வருஷமாகக் கரைத்துக் குடைந்திருக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கிக் கிடந்த காலத்தில் அவை காய்ந்த குகைகள். கூரையில் தொங்குகிற சுண்ணாம்பு விழுதுகள் எல்லாம் அப்போது சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. தண்ணீருக்குள் அவை வளராது. பிறகு கடல் ஏறி, குகை நிரம்பி, அங்கங்கே கூரை இடிந்து வாய் திறந்தது. அந்த வாயைத்தான் செனோட்டே என்கிறார்கள்.

இப்போது கேவர்ன் என்றால் என்ன என்பதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதையும் குகையையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். வாசலில் இருந்து வரும் பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் கேவர்ன். திரும்பிப் பார்த்தால் வாசல் தெரிய வேண்டும். அதோடு, தண்ணீர் மட்டத்திலிருந்து நீங்கள் இருக்கும் இடம் வரை இறங்கிய தூரமும் உள்ளே போன தூரமும் சேர்த்து 40 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. இருவர் பக்கம் பக்கமாகப் போக முடியாத இடுக்கில் நுழையக் கூடாது. இதைத் தாண்டினால் குகை. அதற்கு வேறு பயிற்சி, வேறு சாமான், வேறு ஆள்.

நீங்கள் அந்தமானில் படித்த அத்தனை பாடத்துக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: எது நடந்தாலும் மேலே போய்விடலாம். காற்று தீர்ந்ததா, மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே மேலே. மாஸ்க் போனதா, கூட்டாளி தொலைந்தானா, மேலே. கூரை இருக்கிற தண்ணீரில் அந்த வழி அடைத்துவிடும். வந்த வழியே திரும்பினால்தான் மேலே. பயிற்சி என்று நாலு டைவ் முழுக்கச் சொல்லித் தருவது இந்தத் திரும்புதலைத்தான்.

எனக்கு இது கோர்ஸில் தெரியவில்லை, அதற்கு முன்பே அடிபட்டுத் தெரிந்தது. ஒரு வெளிநாட்டுத் தீவில் டைவ் மாஸ்டராக இருந்தேன். பெயர் வேண்டாம். பாரில் ஒரு குடைவு, இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும், இருபது அடி இருக்கும். கயிறு போடணுமா என்று கேட்டேன். "இந்த இருபது அடிக்கா?" என்று முதலாளி சிரித்தார். நாலு விருந்தாளிகளோடு நுழைந்தேன். மூன்றாவது ஆளின் சிலிண்டர் கூரையில் தட்டியது. பதறிக் காலை உதைத்தார். அவ்வளவுதான், கீழே படிந்திருந்த பொடி மண் எழும்பி, கஞ்சிப் பானைக்குள் தலையை விட்டது மாதிரி ஆகிவிட்டது. என் கையை என் மாஸ்க் கண்ணாடியில் ஒட்டி வைத்தும் விரல் தெரியவில்லை. தடவிப் பிடித்து மூன்று பேரை வெளியே தள்ளினேன். நாலாவது ஆள் வந்த பக்கமே திரும்பிப் போய், வெளியே பாருக்கு மேலே நிதானமாக மீன் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டே நிமிடம். அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி அடுத்த நாளும் அங்கேதான் ஆள் அனுப்பினார். மாதக் கடைசியில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒழுங்காகப் படிக்கப் போனேன். முதல் நாள் வாத்தியார் எங்களைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. மரத்துக்கு மரம் நூல் கட்டி, கண்ணைக் கட்டிவிட்டு நட என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வளையம். நூல் அந்த வளையத்துக்குள் ஓட வேண்டும், பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் கட்டு அவிழும், இல்லையென்றால் நூல் இடுக்கில் போய் மாட்டும். ஊருக்கு வந்ததும் இதை எங்கள் வீட்டுக்குப் பின்னால் பனங்காட்டில் செய்து பார்த்தேன். அம்மாவின் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். பத்து எட்டு வைப்பதற்குள் ஒரு வடலியின் (இளம் பனையின்) கருக்கு முழங்கையைக் கிழித்தது. நின்று, நூலை விடாமல், அடுத்த கையால் முன்னே தடவி, குனிந்து, மரத்தைச் சுற்றி வந்தேன். அந்தக் கீறல்தான் எனக்குச் சரியான பாடம்: வலிக்கிறது என்று கையை உதறியிருந்தால் நூல் போயிருக்கும். உங்களுக்கும் இதற்குக் கடல் தேவையில்லை தம்பி. பரமக்குடியில் பனைக்கா பஞ்சம்?

"மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்" என்று சொல்வார்களே, தேன் எடுக்க மலைச்சரிவில் தொங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பானாம், தன் தங்கச்சியை யாரும் தாலியறுக்க விடமாட்டான் என்று. கேவர்னில் அந்தக் கயிறு, திரும்பி வர வழிகாட்டும் இந்த நூல்தான். வெளியிலேயே, திறந்த தண்ணீரில், ஒரு பாறையில் முதல் கட்டு. வாசலுக்கு உள்ளே இன்னொரு கட்டு. ஒரு கட்டு போனாலும் மற்றது நிற்கும். நூல் சுற்றிய ரீல் கையில் இருக்கிறவர் முன்னால் போவார், திரும்பும்போது கடைசியாக வருவார்.

அடுத்தது காற்றுக் கணக்கு. இங்கே ஒரு குழப்பம் வரும். நமக்குப் 'பார்' என்றால் கடலடிப் பாறை, மீட்டரில் 'பார்' என்றால் காற்றழுத்தம். மீட்டரைச் சொல்கிறேன். சிலிண்டரில் 200 பார் இருந்தால் மூன்றாகப் பிரியுங்கள். 66 வரும், அதைக் கீழே இறக்கி 60 என்று வையுங்கள். 60 உள்ளே போக. மீட்டர் 140 காட்டினதும், கண் முன்னால் தங்கமே கொட்டிக் கிடந்தாலும், கட்டை விரலைத் தூக்கி 'டைவ் முடிந்தது' என்று காட்டித் திரும்ப வேண்டும். 60 வெளியே வர. மீதி 80 யாருக்கு? கூட்டாளிக்கு. ஆகத் தூரமான இடத்தில் அவர் காற்று நின்றுபோனால், ஒரு சிலிண்டரில் இரண்டு பேர் வெளியே வர வேண்டுமே. பாதி பாதி என்று கணக்குப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

நிமிடத்தில் சொன்னால் இன்னும் உறைக்கும். 11 லிட்டர் சிலிண்டரில் 60 பார் என்பது 660 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் இழுப்பார். பதினாறு நிமிடம். படபடப்பில் மூச்சு இரண்டு மடங்கானால் எட்டு. உங்கள் ஆறு டைவில் மீட்டரை எத்தனை முறை பார்த்தீர்கள்? நினைத்துப் பாருங்கள்.

சரி, பத்து மாதம். பி.ஏ.டி.ஐ என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் கேவர்ன் பயிற்சிக்கு 18 வயதும், அடுத்த படியான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டரும் வேண்டும். மற்ற அமைப்புகளில் விதி சற்றே மாறும். ஆகவே முதலில் அட்வான்ஸ்டு. ஆனால் கோர்ஸ் தேறிய கார்டு இரண்டு கையில் இருப்பதால் நீங்கள் தயார் என்று ஆகாது. என் கணக்கில் குறைந்தது முப்பது டைவாவது ஆன பிறகு போங்கள். அதில் பாதியை ஆழமில்லாத இடத்தில் வையுங்கள். இது நிறையப் பேருக்குப் புரிவதில்லை: மிதப்பைக் கட்டுப்படுத்துவது ஆழத்தில் சுலபம், மேலே கஷ்டம். 18 மீட்டரிலிருந்து 15-க்கு ஏறினால் மிதப்புக்காக நீங்கள் மாட்டுகிற ஜாக்கெட்டின் காற்று சுமார் 12 சதவீதம் விரியும். அதே மூன்று மீட்டரை, 3-லிருந்து மேல்மட்டத்துக்கு ஏறினால் 30 சதவீதம். செனோட்டே கேவர்ன்கள் நிறைய 10 மீட்டருக்குள்தான். தலைக்கு மேலே சுண்ணாம்பு விழுது, வயிற்றுக்குக் கீழே பொடி மண். அதற்கு நடுவில் ஒரு முழம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும்.

லீவுக்கு ஊருக்கு வரும்போது இதைத்தான் பழகுங்கள். பயிற்சியாளரைக் கூட வைத்துக்கொண்டு, அனுமதி உள்ள இடத்தில், மூன்று மீட்டர் ஆழத்தில் வெறும் மணல் திட்டாகப் பார்த்து, குப்புறக் கிடையாக நில்லுங்கள். கடல்புல் மேலே வேண்டாம், அது ஆவுளியாவின் (கடல்பசுவின்) சோறு. தவளை நீந்துகிற மாதிரி கால் அடியுங்கள்; மேலும் கீழும் அடிக்கிற உதைதான் மண்ணைக் கிளப்புகிறது. கூட வருகிறவரிடம் கேமராவைக் கொடுத்துப் பின்னால் இருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு என் காலைப் பற்றி இருந்த கர்வம் எல்லாம் அந்த மாதிரி ஒரு வீடியோவில் போய்விட்டது. பெங்களூரில் நீச்சல் குளம் கிடைத்தால் மாஸ்க் இல்லாமல், வாயில் வைக்கிற ரெகுலேட்டரில் மூச்சு விட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். மூக்கில் தண்ணீர் ஏறும் பயம் போகிற வரைக்கும்.

பயிற்சிக்கு மெக்சிகோ என்றால் துலும் பக்கம் தங்குங்கள். டோஸ் ஓஜோஸ் என்ற செனோட்டே அங்கேதான். இரட்டைக் கண் என்று அர்த்தம். ஆழம் குறைவு, வெளிச்சம் நிறைய. அங்கே வழிகாட்டியோடு ஓப்பன் வாட்டர்காரர்களையே கூட்டிப்போவார்கள், ஒரு வழிகாட்டிக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. அது சுற்றிக் காட்டுவது, பயிற்சி இல்லை. முதலில் அப்படி ஒன்று போய்வந்து, தலைக்கு மேலே கூரை இருப்பது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். ஃபுளோரிடாவில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று இருக்கிறது. அங்கே பால்ரூம் என்கிற கேவர்னில், உள் குகைக்குப் போகும் வாயை இரும்புக் கம்பி போட்டு அடைத்தே வைத்திருக்கிறார்கள், ஆசைப்பட்டாலும் போக முடியாது. புதியவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. தண்ணீர் 22 டிகிரி; நம் உடம்புக்கு அது மார்கழிக் கிணறு, தடித்த சூட் வேண்டும். மெக்சிகோவில் 25 டிகிரி. இரண்டுமே நல்ல தண்ணீர் என்பதால் கடலில் முங்குவதற்குக் கட்டுகிற ஈய எடையில் இரண்டு கிலோ போலக் குறையும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா கேட்பதில்லை. டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் தேறாவிட்டால்?" "நாலு நாளில் கார்டு நிச்சயம்" என்று சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். "கார்டு தரமாட்டேன், இன்னொரு நாள் சேர்த்துப் பழகலாம்" என்று சொன்னால் அவர் ஆள்.

ராமநாதபுரம் வாசகி: கேவர்ன் எல்லாம் எனக்கு வேண்டாம். ஸ்கூபா தொடங்க நல்ல இடம் நம் பக்கம் எது? எந்த மாதம் தண்ணீர் தெளிவு?

நம் பக்கம் இரண்டு கடல், இரண்டு குணம். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவர் வாடைக்காலத்தில் வடகடல் பக்கம் வந்திருக்க மாட்டார். வாடை அடிக்கும்போது பாக் விரிகுடா கலங்கிக் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் அப்படியே தலைகீழ். தையிலிருந்து பங்குனி வரை தென்கடலில் நீவாடு (நீரோட்டம்) குறைந்த நாளாகப் பார்த்து இறங்கினால் நாலைந்து மீட்டர் தெரியும். அதுவே எங்களுக்குப் பொன்னான நாள்.

ஆனால் நீங்கள் நினைக்கிற தீவுப் பார்கள் எல்லாம் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் அறிவித்தது, 560 சதுர கிலோமீட்டர். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. செத்த பவளத்துண்டை எடுத்துப் பையில் போட்டாலும் வழக்கு. யாராவது படகுக்காரர் "நம்ம ஆள்தான், ஒண்ணும் ஆகாது" என்றால் நம்பாதீர்கள். மாஸ்க்கும் ஸ்னார்க்கலும் பழக வடகடலில் காரங்காடு, பிரப்பன்வலசை இரண்டும் போதும். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகும் உண்டு, வீட்டில் எல்லாரையும் கூட்டிப் போகலாம்.

சிலிண்டர் மாட்டிக் கோர்ஸ் முடிக்க அந்தமான் சுவராஜ் தீவுக்கு என் ஓட்டு. நெமோ ரீஃப் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை நன்றாக இருக்கும். கிட்டத்தில் என்றால் புதுச்சேரி. மேற்கே முருதேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவு, மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். கோடை லீவுதான் கிடைக்கும் என்றால் திருகோணமலை. கோணேஸ்வரர் கோயில் இருக்கிற பாறைக்கு அடியிலேயே டைவ் போகிறார்கள், பக்கத்தில் புறாத்தீவு. நம் கடல் கலங்கிக் கிடக்கும் வைகாசி, ஆனியில் அந்தப் பக்கம் தெளிவு. பல நாள் டைவ் அடித்தபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. விமானம் மட்டும் என்று நினைக்காதீர்கள்: உயரத்தில் காற்றழுத்தம் குறையும், டைவ் முடித்த கையோடு கொடைக்கானல் போவதும் அதே கதைதான்.

பெரியபட்டினம் வாசகர்: பதினைந்து வயதிலிருந்து சங்கு குளிக்கிறேன். தம் கட்டி அஞ்சு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) சாதாரணமாகப் போவேன். எனக்கு இந்த ஸ்கூபா கோர்ஸ் தேவையா? நேராகச் சிலிண்டரை மாட்டினால் போதாதா?

அண்ணே, உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தேவை. கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் உடம்பில் இத்தனை வருஷமாக ஊறிய பழக்கம் தம் கட்டுவது. மேலே இழுத்த மூச்சோடு போய், அதே மூச்சோடு வருகிறீர்கள். கீழே போகும்போது நெஞ்சுக் காற்று சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு வரும். அதற்கு மேலே விரியாது. சிலிண்டரில் அப்படி இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, நீங்கள் தம் கட்டிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காகும். நுரையீரல் கிழிந்துவிடும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஏறினாலே ஆபத்து உண்டு. ஸ்கூபாவில் முதல் சட்டமே மூச்சை நிறுத்தாதே என்பது. நீங்கள் கீழே ஒரு நல்ல சங்கைப் பார்த்ததும் தானாகத் தம் கட்டுவீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதை உடைக்க ஒரு மாதம் ஆனது.

கம்ப்ரசர் குழாய் வாயில் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும். வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல் என்றால் "வாயு பிடித்துவிட்டது" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். போய் "ஆழத்தில் காற்று இழுத்தேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், அதை மறைக்கிறவர்கள் உண்டு.

மற்றபடி, கோர்ஸில் உங்களை யாரும் மிஞ்ச முடியாது. கலங்கலில் திசை தெரிவது, நீவாட்டை உடம்பால் உணர்வது, இதையெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்லித் தர முடியாது.

கீழக்கரை வாசகி: என் மகன் கேவர்ன், குகை என்று பேசுகிறான். தாய்லாந்தில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்து எனக்குத் தூக்கமில்லை. அவனைத் தடுப்பது எப்படி?

உங்கள் பயம் நியாயமானது. 2018 ஜூன் 23-ஆம் தேதி தாம் லுவாங் குகைக்குள் போன 12 பையன்களும் பயிற்சியாளரும் நடந்துதான் போனார்கள், மழைவெள்ளம் பின்னால் வந்து அடைத்தது. ஜூலை 8 முதல் 10 வரை, பையன்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, குகை மூழ்காளர்கள் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஜூலை 6-ஆம் தேதி, உள்ளே சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனன் என்ற முன்னாள் கடற்படை வீரர் இறந்துபோனார். அவர் கற்றுக்குட்டி இல்லை. அதனால்தான் குகை வேறு, கேவர்ன் வேறு என்று மேலே அத்தனை வரி எழுதினேன்.

ஃபுளோரிடாவில் ஷெக் எக்ஸ்லி என்பவர் 1970-களில் குகை விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் மூன்று: வாசல்வரை தொடர்ந்து கயிறு இல்லை, காற்றில் மூன்றில் ஒரு பங்கு கணக்கு இல்லை, ஆழம் அதிகம். பிறகு பயிற்சி இல்லாததும் டார்ச் போதாததும் பட்டியலில் சேர்ந்தன. பையன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று இதை வைத்துக் கேளுங்கள். தடுத்தால் சொல்லாமல் போவான். "உன் வாத்தியார் நம்பரைக் கொடு, நான் பேசணும்" என்று கேட்டால் அவனே ஒழுங்கான வாத்தியாரைத் தேடுவான். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

சிவகங்கை வாசகர்: எங்கள் ஊர்ப் பக்கம் பழைய கல்குவாரிக் குட்டை இருக்கிறது. நல்ல ஆழம். அங்கே பழகலாமா?

வேண்டாம். உள்ளே என்ன கம்பி, என்ன மரம் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கரை செங்குத்து, ஏறி வர வழி இருக்காது.

தேவிபட்டினம் வாசகி: கண்ணாடி போடுகிறேன், மைனஸ் 3. தண்ணீருக்குள் என்ன செய்வது?

பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கடையில் கிடைக்கிறது. தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் சிலர் பவரைக் கொஞ்சம் குறைத்தே வாங்குகிறார்கள். கேவர்ன் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அதே பவரில் இரண்டு மாஸ்க் வாங்குங்கள், ஒன்று பாக்கெட்டில்.

ராமேஸ்வரம் வாசகர்: போன இதழில் உங்கள் அம்மா கடல்பாசி எடுக்கிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் இதையெல்லாம் பற்றி என்ன சொல்கிறார்? இன்னும் கடலுக்குப் போகிறாரா?

போகிறாள். வெள்ளம் வற்றும் நாள் பார்த்து, சேலைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டை, விரலில் துணி சுற்றி ரப்பர் போட்டுக்கொண்டு. மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டியிருக்கும், துணி இல்லையென்றால் மாலையில் விரலில் தோல் இருக்காது. சின்ன வயதில் நான் வத்தை என்கிற சிறு படகில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலையை வெளியே எடுத்ததும் மூச்சை இழுப்பதற்கு முன்பே கண் வத்தையைத் தேடும். ஒரு நாளும் தவறினதில்லை. அந்த வாசல் பார்க்கிற பழக்கத்தை நான் மெக்சிகோவில் காசு கொடுத்துக் கற்றேன்.

போன மாதம் என் ரீலை வாங்கிப் பார்த்தாள். வெள்ளை நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாள், முடிச்சுகளை எண்ணினாள், விலை கேட்டாள். சொன்னேன். "இந்த நூலுக்கா?" என்று கேட்டுவிட்டு, பாம்பன் கடையில் வலை நூல் கிலோ என்ன விலை என்று எனக்குச் சொன்னாள். பழைய ரீலில் இருந்து நான் கழற்றிப் போட்ட நூல் இப்போது கொல்லையில் பாசி காயும் இடத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறது. இரண்டு கட்டு போட்டிருக்கிறாள், ஒன்று முருங்கையில், ஒன்று பனையில்.